நாற்பத்தொன்றாம் குப்பி

ஆசாரிபள்ளம் சாலையில்
டயர் கடைக்கு மேலே எங்கள் ஆய்வகம்.
ஆடிச் சாரலுக்கு ஊரே இருமியது.
நூற்றிருபது மூக்கில் குச்சி விட்டுச் சுழற்றி
இளஞ்சிவப்பு நீரில் முறித்துப் போட்டோம்.
ஒரே சளியை நாலு பங்காக்கி
நாலு பேரிடம் கேட்பது வேலை:
இருக்கிறதா, இல்லையா?

முதலில் அட்டை.
வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும்.
கோடு விழுந்தால் நம்பலாம்.
விழாவிட்டால் அதற்கு அர்த்தம்
இல்லை என்பதல்ல,
எனக்குக் கேட்கவில்லை என்பது.
காய்ச்சல் தணிந்து வருகிறவர்களில்
பாதிப் பேரை அது கவனிப்பதே இல்லை.

அடுத்தது ஹெப்சிபாயின் கண்.
இருட்டறை, நுண்ணோக்கி, ஒளிரும் சாயம்.
வைரஸ் ஏறிய செல்
மட்டிக்குலை பழுக்கும் முன்னுள்ள பச்சையில் தெரியும்.
மூன்று மணிக்கு மேல் அவள் கண்ணை
அவளே நம்புவதில்லை.
"இது செல்லா அழுக்கா, நீ பாரு பிள்ளே" என்பாள்.
நான் பார்ப்பேன். எனக்கும் தெரியாது.
அதை எழுத அட்டவணையில் இடமில்லை.

மூன்றாவது பி.சி.ஆர்.
என் மேசை, என் பெருமை.
ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி
நாற்பது சுற்று.
மற்ற மூன்றும் இல்லை என்று கைவிட்டதில்
பதினேழை உண்டு என்றது.
முப்பத்தாறாம் சுற்றில் முனகலாக எழும் வளைவு
உயிருள்ள வைரஸா, அதன் எலும்பா?
அந்தக் கேள்வி அதற்குப் புரியாது.

நாலாவது,
எங்கோ ஒரு நாட்டில் எப்போதோ செத்த நாய்.
அதன் சிறுநீரகச் செல்கள் மட்டும்
சாக மறந்து
எங்கள் குடுவையில் தரைவிரித்துக் கிடக்கின்றன.
பத்து நாள் காக்க வேண்டும்.
ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றியும்
இங்கே கரண்ட் போகும்;
ஜெனரேட்டருக்கு ஓடுவது ரெஜின்.

இதுதான் உரைகல் என்றார் டாக்டர் ஜாஸ்பர்.
உரைகல்லில் கோடு விழாததால்
என் பதினேழும் போலி.
"செவிடர் மூணு பேரு கேக்கலேன்னா
கேட்டவன் பொய்யனா சார்?"
ரெஜின்தான் கேட்டான்.
நான் மனசுக்குள் கைதட்டினேன்.

பிறகு நாற்பத்தொன்று.
சுயம்புலிங்கம்,
களியக்காவிளை வண்டி கண்டக்டர்.
அட்டை வெறுமை.
ஹெப்சிபாய்: செல் போதவில்லை.
பி.சி.ஆரில் மனித மரபணு மட்டும் அழகாக எழுந்தது.
இவர் மனிதர்,
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று
தட்டையாகக் கிடந்தது மற்றக் கோடு.
இல்லை என்று அனுப்பினோம்.
மறுநாளே டியூட்டிக்கு ஏறிவிட்டார்.

ஏழாம் நாள் காலை
குடுவையில் செல்கள் உருண்டு, பிடிவிட்டு மிதந்தன.
கோழி ரத்தத்தின் சிவப்பணுவைக் குழியில் சொட்டினோம்.
வைரஸ் இல்லையென்றால்
அடியில் சிவப்பாய் ஒரு பொட்டு உட்காரும்.
அரைமணி நேரம் நாலு தலையும் குனிந்து பார்த்தோம்.
பொட்டு உட்காரவே இல்லை.

எழுத்தெழுத்தாகப் படித்தபோது தெரிந்தது:
என் ப்ரைமர் தட்டிய கதவில்
இரண்டு எழுத்து மாறியிருந்தது.
தெரிந்த பெயரைச் சொல்லித்தான் அது கூப்பிடும்.
பெயர் மாற்றி வந்தவன்
உள்ளேயிருந்தும் பேசவில்லை.
நாய்ச்செல் பெயர் கேட்கவில்லை.
இடம் கொடுத்தது; செத்துக் காட்டியது.

போனில் கூப்பிட்டேன்.
வண்டி மார்த்தாண்டம் பாலத்தில்.
"உங்களுக்கு இன்புளூயன்சா இருந்தது."
"இருந்ததா, இருக்கா?"
"இருந்தது."
பின்னால் யாரோ குழித்துறைக்கு மீதிச் சில்லறை கேட்டார்கள்.
எத்தனை பேருக்கு டிக்கெட் கிழித்திருப்பார்
இந்த ஏழு நாளில்?
கேட்க வாயெடுத்தேன்.
"அப்ப ரைட்டு" என்றார்.
விசில்.

அன்று மாலை அட்டவணையில்
'உண்மை' என்றிருந்த தலைப்பை அடித்து
'வளர்ந்தது' என்று எழுதினேன்.
டாக்டர் ஜாஸ்பர் கைப்பிழை என்று நினைத்துத் திருத்தினார்.
மறுபடி அடித்தேன்.